முதல் ஸ்ட்ரீமர் ஃப்ளை: பிளாக்நோஸ் டேஸ் கட்டுவது படிப்படியாக

நான் முதலில் கட்டிய ஸ்ட்ரீமர்களில், அதாவது தூண்டில் முள்ளில் நூலும் விலங்கு முடியும் வைத்துக் கட்டும் ஃப்ளை என்னும் போலி இரைகளில், ஒன்றுகூட ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கவில்லை. ஐந்தாறு தடவை வீசியதுமே முதுகில் இருந்த பழுப்பு முடி கொத்தாகக் கழன்று தண்ணீரோடு போய்விடும். இன்னொன்றில் முள்ளின் காது வார்னிஷில் அடைத்துக்கொண்டிருந்தது. விடியற்காலைக் குளிரில், விரல்கள் விறைத்துப்போன நிலையில், ஆற்றங்கரையில் நின்றுகொண்டு தூண்டில் நரம்பை அதில் நுழைக்கப் பார்த்து அரை மணி நேரம் வீணானது. மீன்கள் மேய்கிற நல்ல நேரம் அது.

திரும்பிப் பார்த்தால் நான் செய்த பெரிய தவறுகள் இரண்டுதான். முடியை அள்ளி வைத்தேன். தலைக்கு இடம் விடவில்லை. மற்ற தொல்லைகள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை. அதனால் இந்தக் கட்டுரையில் சில இடங்களில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அது வேண்டுமென்றே சொல்வது.

ஸ்ட்ரீமர் என்பது பூச்சியைப் போல் அல்லாமல் குட்டி மீனைப் போலத் தெரியும்படி கட்டப்படும் ஃப்ளை. வளர்ந்த ட்ரவுட் (குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன்) சின்ன மீன்களைத் துரத்திப் பிடித்துத் தின்னும், ஸ்ட்ரீமர் அந்தப் பசிக்குக் காட்டும் இரை. இந்த வகையில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு. முதன்முதலாகக் கட்டுபவருக்கு நான் சொல்வது ஆர்ட் ஃப்ளிக் என்பவர் வடிவமைத்த பிளாக்நோஸ் டேஸ். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஓடைகளில் அதே பெயரில் ஒரு சிறு மீன் இருக்கிறது. வெள்ளை வயிறு, மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, பழுப்பு முதுகு. ஃப்ளையிலும் அதே மூன்று நிறம், மூன்று அடுக்கு முடி. அந்த மீன் இல்லாத ஓடையிலும் இது வேலை செய்யும், ஏனென்றால் பக்கவாட்டில் கறுப்புக் கோடு ஓடும் குட்டி மீன்கள் பல இடங்களில் உண்டு.

ஃப்ளையின் மேல்பக்கத்தில் பின்னோக்கிப் படியும் அடுக்கை இறக்கை என்பார்கள். இறகு இறக்கை கட்டுவதைவிட முடி இறக்கை எளிது. மான்முடியைச் சுழற்றித் தலை செய்யும் மட்லர் போன்றவை இதற்கு அப்புறம் வரட்டும்.

1. எதை வாங்குவது, எதை விடுவது

தொடக்கக்காரர்களுக்கென்று விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். அவற்றில் பத்துப் பதினைந்து வகைப் பொருள்கள் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எதை வைத்தும் ஒரு ஃப்ளையை முழுதாகக் கட்ட முடியாது. கத்தரிக்கோலும் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். இந்த ஒரு ஃப்ளைக்கு வேண்டியதை மட்டும் தனித்தனியாக வாங்கினால் செலவு குறைவு, கிடைப்பதும் தரமாக இருக்கும்.

கருவிகளில் முதலாவது வைஸ். முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பிடி இது, மொத்தச் செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும். சுழலும் வைஸ் இப்போதைக்குத் தேவையில்லை. கடையில் ஒரு முள்ளைப் பொருத்திக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முள்ளின் கம்பி வளைந்து கொடுக்கலாம், ஆனால் தாடைக்குள் நழுவக் கூடாது. அந்தச் சோதனையில் தேறினால் விலை குறைந்த வைஸே போதும்.

இரண்டாவது, கூரான நுனி கொண்ட சின்னக் கத்தரிக்கோல். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். டின்சல் வெட்டுவதற்குப் பழைய கத்தரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், உலோக இழை நல்ல கத்தரியின் கூரைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது பாபின், அதாவது நூல்கண்டைத் தாங்கும் குழாய். குழாயின் வாய் சொரசொரப்பாக இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பீங்கான் வாய் வைத்ததை வாங்கினால் அந்தத் தலைவலி இல்லை. விப் ஃபினிஷ், அதாவது கடைசியில் நூல் அவிழாமல் போடும் முடிச்சு, அதைப் போடும் கருவி நான்காவது. ஊசி ஒன்று வேண்டும், அதைக் கடையில் வாங்கத் தேவையில்லை. தடிமனான தையல் ஊசியைப் பென்சில் முனையில் செருகினால் போதும்.

இனிப் பொருள்கள்.

முள்: ஸ்ட்ரீமர் முள் நீளத் தண்டு உடையது. பெட்டியில் 3எக்ஸ் அல்லது 4எக்ஸ் நீளம் என்று போட்டிருக்கும். எண் 6 வாங்குங்கள். முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பது பலரைக் குழப்பும் விஷயம், அதாவது 10 என்பது 6-ஐவிடச் சின்னது. இந்த ஃப்ளை 4 முதல் 10 வரை எல்லா அளவிலும் கட்டப்படுகிறது. ஆனால் 10-இல் கற்றுக்கொள்ளத் தொடங்குவது கண்ணுக்கும் விரலுக்கும் கஷ்டம்.

நூல்: கறுப்பு, 6/0 தடிமன்.

உடலுக்குத் தட்டையான வெள்ளி டின்சல், அதன் மேல் வளையமிட மெல்லிய நீள்வட்ட வெள்ளி டின்சல். தட்டை டின்சல் மைலார் (பளபளக்கும் பிளாஸ்டிக் படலம்) வகையாக இருக்கட்டும். பழைய உலோக டின்சல் நாளடைவில் கறுத்துவிடும். மைலாரில் ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் தங்க நிறமும் இருப்பதைத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், ஒரே சுருளில் இரண்டு வேலை ஆகும்.

வாலுக்குச் சிவப்புக் கம்பளி நூல். விரல் நீளம் இருந்தால் ஒன்றிரண்டு ஃப்ளைக்கு வரும். வீட்டில் பின்னல் வேலை செய்கிறவர்கள் இருந்தால் துண்டு நூல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இறக்கைக்கு பக்டெயில், அதாவது மான் வால் முடி. இங்கேதான் பணம் மிச்சப்படும் வழி இருக்கிறது. வெள்ளை, பழுப்பு, கறுப்பு என மூன்று வால் வாங்கத் தேவையில்லை. சாயம் போடாத இயற்கையான வால் ஒன்றை எடுத்தால் அடிப்புறம் வெள்ளையாகவும் மேல்புறம் பழுப்பாகவும் இருக்கும். அதோடு கறுப்புச் சாயமிட்ட துண்டு ஒன்று போதும். ஒரு முழு வாலில் நூறு ஃப்ளைக்கு மேல் கட்டலாம். நேராக, மெல்லியதாக, நீளமான முடி உள்ள வாலாகப் பார்த்து எடுங்கள். கொரகொரவென்று சுருண்டிருந்தால் வேண்டாம்.

கடைசியாகத் தலைக்கு வார்னிஷ். ஹெட் சிமென்ட் என்று தனியாக விற்பார்கள். நிறமில்லாத நெயில் பாலிஷும் நன்றாகவே வேலை செய்கிறது.

2. வாங்கும் முன் படிக்க வேண்டிய தாள்கள்

ஃப்ளை கட்டுவதற்கு உரிமம் எதுவும் வேண்டாம். ஆனால் அதைத் தண்ணீரில் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, நீங்கள் மீன்பிடிக்கப் போகும் நீர்நிலையின் மீன்பிடி உரிமமும் அதன் விதிகளும். பல ட்ரவுட் ஓடைகளில் எதிர்முள் (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு கூர்) இல்லாத ஒற்றை முள்ளுக்கு மட்டும்தான் அனுமதி. சில இடங்களில் ஈயம் சேர்த்த ஃப்ளை கூடாது. முட்டையிடும் காலத்தில் பிடிப்பதற்கே தடை இருக்கும். உரிமத்தில் எந்த நீர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதைப் பார்த்துவிட்டுக் கட்ட உட்காருங்கள். பன்னிரண்டு ஃப்ளை கட்டி முடித்த பிறகு எதிர்முள் கூடாது என்று தெரிய வந்தால், ஒவ்வொன்றையும் குறட்டில் பிடித்து நசுக்கும்போது ஒன்றிரண்டு முள் உடையும். உடைந்தால் கட்டிய வேலையும் சேர்ந்து போகும்.

இரண்டாவது, விலங்கு முடியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது. பக்டெயில் விலங்குப் பொருள். சுங்கத்தில் அறிவிப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடும் சுகாதாரச் சான்றும் கேட்கக்கூடும். அந்தத் தாள் இல்லாமல் வரும் பொட்டலம் நிறுத்தப்படலாம். விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொல்லை வேண்டாம் என்றால் செயற்கை முடி இருக்கிறது. அசைவில் பக்டெயிலுக்கு ஈடாகாது என்பது என் கருத்து, ஆனால் கட்டிப் பழக அது போதும்.

மூன்றாவது, பழைய குறிப்புகளில் இந்த ஃப்ளையின் வெள்ளை அடுக்குக்குப் பனிக்கரடி முடி என்றும் கறுப்புக்குக் கரடி முடி என்றும் இருக்கும். அவற்றைத் தேடிப் போகாதீர்கள். பனிக்கரடி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற விலங்கு. தாள் இல்லாத முடியைக் கையில் வைத்திருப்பதே சில நாடுகளில் குற்றம். பக்டெயிலில் கட்டினால் ட்ரவுட் வேறுபாடு பார்ப்பதில்லை.

3. நேரத்தைப் பிரித்துக்கொள்வது

முதல் ஃப்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்தாவதைக் கட்டும்போது இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். இதில் வார்னிஷ் காயும் நேரத்தைச் சேர்க்கவில்லை. அதற்கு ஓர் இரவு முழுக்க வேண்டும், அவசரப்படுத்தவே முடியாது.

ஆகவே நாளை காலை மீன்பிடிக்கப் போகிறோம் என்று இன்று இரவு கட்ட உட்காராதீர்கள். எனக்கு நன்றாக ஒத்துவந்த முறை இது: முதல் நாள் ஆறு முள்ளுக்கும் வாலும் உடலும் மட்டும் கட்டி, உடலுக்கு வார்னிஷ் பூசி வைத்துவிடுவேன். மறுநாள் ஆறுக்கும் இறக்கை, தலை. மூன்றாம் நாள் தலைக்கு இரண்டாம் பூச்சு. ஒரே வேலையை ஆறு தடவை அடுத்தடுத்துச் செய்யும்போது கை தானாகப் பழகிவிடும். ஆறாவது ஃப்ளையின் உடலை முதலாவதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நம்பவே மாட்டீர்கள்.

4. முள்ளைப் பொருத்தி நூலை ஓட்டுவது

முதலில் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தி நசுக்குங்கள். கட்டுவதற்கு முன்பே செய்தால், உடைந்தாலும் வெறும் முள்தான் நஷ்டம்.

வளைவின் அடிப்பகுதியை வைஸின் தாடையில் பொருத்துங்கள். தண்டு கிடைமட்டமாக, காது வலப்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். (இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பிக்கொள்ளுங்கள்.) முள்ளின் நுனி தாடைக்கு வெளியே தெரியட்டும், நூல் அதில் உரசி அறுபடாமல் கையைப் பழக்கிக்கொள்வது நல்லது.

நூலை உங்கள் பக்கத்திலிருந்து மேலே கொண்டுபோய், தண்டைத் தாண்டி அந்தப் பக்கமாக இறக்கிச் சுற்ற வேண்டும். தொடங்கும் இடம் காதை ஒட்டி இருக்கக் கூடாது. காது எவ்வளவு நீளமோ, அதைப்போல் இரண்டு மடங்கு இடத்தைக் காதுக்குப் பின்னால் வெறுமையாக விட்டுவிட்டுத் தொடங்குங்கள். அந்த வெறும் கம்பிதான் பின்னால் தலையாக மாறப் போகிறது. ஒரு பேனாவால் அந்த இடத்தில் புள்ளி வைத்துக்கொள்வதும் தவறில்லை, நான் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். இனி வரும் எந்தப் பொருளும், எந்தச் சூழ்நிலையிலும், அந்தப் புள்ளியைத் தாண்டி முன்னால் போகக் கூடாது.

அங்கிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். நூல் எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வேண்டுமென்றே இழுத்து இரண்டு தடவை அறுத்துப் பாருங்கள். அறுபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எந்த அளவு இறுக்கம் இருக்கிறதோ அதுதான் இறக்கை கட்டும்போது வேண்டிய இறுக்கம். நூல் அறுந்துவிடக் கூடாதே என்று தளர்வாகக் கட்டப் பழகியதும் என் ஃப்ளைகளில் முடி நிற்காததற்கு ஒரு காரணம்.

5. வால்

சிவப்புக் கம்பளி நூலைத் தண்டின் மேல் நீளவாக்கில் வைத்து, பின்னால் வளைவுக்கு மேல் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டுங்கள். வால் நீளம் முள்ளின் வாய் அகலத்தில் (நுனிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியில்) பாதி இருந்தால் போதும். சிவப்புப் புள்ளி மாதிரித் தெரிந்தால் சரி.

இங்கே ஒரு பொறி. மீதி நூலை வாலுக்கு அருகிலேயே வெட்டிவிட்டால் உடலின் பின்பகுதியில் ஒரு மேடு விழும். அதன் மேல் டின்சல் வழுக்கும். அதனால் கம்பளி நூலைத் தண்டின் முழு நீளத்துக்கும் படுக்கவைத்து, புள்ளிக்குச் சற்றுப் பின்னால்வரை கட்டிக்கொண்டு வந்து அங்கே வெட்டுங்கள். தண்டு முழுக்க ஒரே பருமனாக இருக்கும்.

6. உடல்

முதலில் நீள்வட்ட டின்சலைத் தண்டின் அடிப்பக்கத்தில், இதுவும் முழு நீளத்துக்கும் படுக்கவைத்து, பின்னால் தொங்கும்படி கட்டிவிடுங்கள். நூலை முன்னால் புள்ளிக்குச் சற்றுப் பின்வரை கொண்டுவந்து நிறுத்துங்கள்.

தட்டை டின்சலை முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். அங்கிருந்து வால்வரை சுற்றிக்கொண்டு போய், அங்கே திரும்பி, மறுபடி முன்னுக்கு வர வேண்டும். இரண்டு அடுக்காக வருவதால் உள்ளே இருக்கும் மேடுபள்ளம் மறையும், பின்பக்கத்தில் கட்டு எதுவும் இல்லாததால் வால் இருக்கும் இடம் சுத்தமாக இருக்கும். கட்டும்போது தங்கப் பக்கம் வெளியே தெரியும்படி வைத்தால், முதல் சுற்றில் டின்சல் மடிந்து வெள்ளிப் பக்கம் வெளியே வரும். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் ஓரத்தைத் தொட வேண்டும், அதன் மேல் ஏறக் கூடாது. டின்சலை இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றினால் தானாகவே ஓரத்தோடு ஓரம் வந்து படியும். முன்னால் வந்ததும் நாலைந்து சுற்று நூலால் கட்டி மிச்சத்தை வெட்டுங்கள்.

அப்புறம் நீள்வட்ட டின்சலை எடுத்து, தட்டை டின்சல் கடைசியாகப் போன திசைக்கு எதிர்த்திசையில், சம இடைவெளியில் ஐந்து வளையம் வரும்படி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இது அழகுக்கு மட்டும் இல்லை. ட்ரவுட்டின் பல் கூர்மையானது, மைலாரை எளிதாகக் கிழித்துவிடும். இந்த வளையங்கள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். தண்டின் அடிப்பக்கத்தில் கட்டி முடியுங்கள், மேல்பக்கம் இறக்கைக்காக மட்டமாக இருக்கட்டும்.

உடல் முழுக்க மெல்லிய ஒரு பூச்சு வார்னிஷ். காயட்டும்.

7. இறக்கை

ஃப்ளை நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில். நிதானமாகச் செய்யுங்கள்.

எந்த முடியை எடுக்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. மான் வாலின் அடிப்பாகத்தில் இருக்கும் முடி உள்ளே துளையுள்ளது, நூலால் இறுக்கினால் விசிறி மாதிரி விரியும். வாலின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை இருப்பது கெட்டியானது, படுத்தே கிடக்கும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

வெள்ளை முடியில் ஒரு சின்னக் கற்றையைப் பிரித்து, தோலை ஒட்டி வெட்டுங்கள். எவ்வளவு? எண்ணிப் பார்த்தால் 30, 40 முடி. கண்ணுக்கு ரொம்பக் குறைவாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே என்று கை பரபரக்கும். சேர்க்காதீர்கள். மூன்று அடுக்கும் சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு தீக்குச்சிப் பருமனைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. முடி அதிகமானால் ஃப்ளை தண்ணீரில் துடைப்பம் மாதிரி நகரும், உள்ளே இருக்கும் வெள்ளி உடல் தெரியாது, மூழ்கவும் மூழ்காது. எல்லாவற்றையும்விட மோசமானது, நடுவில் இருக்கும் முடிகளை நூல் தொடவே தொடாது. என் ஃப்ளைகளில் கொத்தாகக் கழன்றது அந்த நடு முடிதான்.

கற்றையின் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து குட்டை முடிகளையும் பஞ்சு போன்ற அடிமுடியையும் மறுகையால் உருவி எடுத்துவிடுங்கள். நுனிகளைத் தட்டிச் சமப்படுத்தும் கருவி ஒன்று விற்பார்கள், இந்த ஃப்ளைக்கு அது வேண்டாம். நுனிகள் ஒரே வரிசையில் நின்றால் பெயின்ட் பிரஷ் வெட்டிவைத்த மாதிரி இருக்கும். ஏற்றத்தாழ்வாக, கூம்பி முடிந்தால்தான் மீன் வடிவம் வரும். ரொம்ப நீளமாகத் துருத்தும் ஒன்றிரண்டு முடியைப் பிடுங்கினால் போதும், கத்தரியால் நுனியை வெட்டவே கூடாது.

நீளத்தை அளக்க, கற்றையைத் தண்டின் மேல் வைத்துப் பாருங்கள். தண்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. அதைவிட நீண்டால் வீசும்போது முடி வளைவில் சுற்றிக்கொள்ளும், மீனும் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும்.

அளந்த இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்திப் பிடித்திருக்க, அடிமுனையைச் சாய்வாக வெட்டுங்கள். பலர் கட்டிய பிறகு வெட்டச் சொல்வார்கள். காதுக்குப் பக்கத்தில் கத்தரியை நுழைத்து நூலையும் சேர்த்து வெட்டிய அனுபவம் எனக்கு உண்டு. முன்பே வெட்டுவதைத்தான் நான் சொல்வேன். சாய்வாக வெட்டினால் தலை படிப்படியாகச் சரிந்து கூம்பாக வரும்.

இனிக் கட்டு. இதை விரல் மட்டத்தில் பார்ப்போம். இடக்கை விரல்கள் முடியையும் தண்டையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்திருக்கின்றன. நூலை மேலே தூக்கி, அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே தளர்வாக ஒரு வளையமாக நுழைத்து, அந்தப் பக்கம் இறக்கி, அடியில் கொண்டுவந்து, மறுபடி விரல்களுக்கு நடுவே நுழைக்கிறீர்கள். இதுவரை இழுக்கவில்லை. இரண்டு வளையமும் தளர்வாக இருக்கின்றன. இப்போது பாபினை நேராகக் கீழ்நோக்கி மெதுவாக, ஆனால் கடைசிவரை இழுங்கள். விரலைத் தளர்த்தக் கூடாது. வளையம் மூடும்போது முடிகள் நகத்துக்கு அடியில் நொறுநொறுவென்று நெருங்குவதை உணர்வீர்கள். நாலைந்து இறுக்கமான சுற்றுகளுக்குப் பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். இந்தக் கிள்ளிப் பிடிக்கும் முறை இல்லாமல் நேரடியாக இறுக்கினால், நூல் போகும் திசையில் முடியும் உருண்டு தண்டின் அந்தப் பக்கம் போய்விடும்.

விரலை எடுத்ததும் மேலிருந்து பாருங்கள். முடி தண்டின் மேல் நடுவில் இருக்கிறதா? சாய்ந்திருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். விரலால் தள்ளிச் சரிசெய்தது தண்ணீரில் இறங்கியதும் திரும்பவும் சாயும்.

அடுத்து ஒரு பூட்டு. முடியை மட்டும் லேசாகத் தூக்கி, தண்டைச் சேர்க்காமல், முடியின் அடியைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. பிறகு தண்டோடு சேர்த்து இரண்டு சுற்று. ஊசி நுனியில் ஒரு துளி வார்னிஷ் எடுத்து வெட்டுமுனையில் வையுங்கள், அது முடிகளுக்கு இடையில் ஊறிப் போகும். இந்த ஒரு சுற்றும் ஒரு துளியும் சேர்த்த பிறகு என் ஃப்ளையிலிருந்து முடி கழன்றது கிடையாது.

இரண்டாவது அடுக்கு கறுப்பு. 15, 20 முடி போதும். நீளம் வெள்ளையைவிட ஒரு நூல் குறைவாக இருக்கட்டும். மீனின் பக்கவாட்டுக் கோடு இது, அகலமாகிவிட்டால் கோடு போய்க் கறுப்பு மீனாகிவிடும். மூன்றாவது பழுப்பு, வெள்ளை அளவுக்கே முடியும் நீளமும். ஒவ்வோர் அடுக்குக்கும் அதே கிள்ளுப் பிடி, அதே பூட்டு, அதே துளி. ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதன் கட்டுக்கு மேலேயே வையுங்கள். முன்னால் நகர்த்தி நகர்த்திக் கட்டினால் மூன்றாவது அடுக்கு காதில் போய் முட்டும்.

நடுவில் நூல் முறுக்கேறிக் கயிறு மாதிரி உருண்டுவிட்டால் பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலவிடுங்கள். நூல் தட்டையாகும். தட்டை நூல் முடியை அகலமாகப் பிடிக்கும், தலையும் மேடு விழாமல் வரும்.

8. தலை

புள்ளி வைத்து விட்ட இடம் இன்னும் மிச்சம் இருந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. வெட்டுமுனைகள் மறையும்வரை நூலைச் சுற்றி, முன்னால் ஒடுங்கிப் பின்னால் லேசாகப் பருத்த சின்னக் கூம்பாக்குங்கள். பெரிய தலை வேண்டாம்.

விப் ஃபினிஷ் ஐந்து சுற்று, இறுக்கி, மறுபடி ஐந்து சுற்று. ஒன்று விட்டாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். கருவியின் கைப்பழக்கம் வருவதற்கு, வெறும் முள்ளில் ஒரு மாலை முழுக்க இதை மட்டும் போட்டுப் பழகுங்கள். ஃப்ளையில் முதல்முறையாக முயன்றால் கட்டியதெல்லாம் அவிழும் அபாயம் உண்டு.

வார்னிஷ் முதல் பூச்சை ஊசியால் வையுங்கள், பிரஷ்ஷால் வேண்டாம். நூலில் ஊறி மங்கலாகத் தெரியும், அது சரிதான். காய்ந்த பிறகு இரண்டாம் பூச்சு, பளபளப்பு வேண்டுமென்றால் மூன்றாவது. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும், ஈரமாக இருக்கும்போதே, ஒரு துண்டு நூலையோ இறகின் தண்டையோ காதுக்குள் நுழைத்து இழுத்துவிடுங்கள். இரண்டு நொடி வேலை. காய்ந்துவிட்டால் ஊசியால் குத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

9. தண்ணீரில் சோதனை

மீன்பிடிக்கப் போகும் நாள்வரை காத்திருக்காமல் ஒரு வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். நரம்பில் கட்டி, மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். நிறுத்தும்போது முடி லேசாக விரிய வேண்டும், இழுக்கும்போது கூம்ப வேண்டும். முதுகு மேலே, முள் நுனி கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் புரண்டால் பெரும்பாலும் இறக்கை நடுவில் இல்லை. முடிகளுக்கு நடுவே வெள்ளி மின்னுவது தெரியவில்லை என்றால் முடி அதிகம்.

ஈர ஃப்ளையில்தான் உண்மையான உருவம் தெரியும். உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் மெலிந்து, பரிதாபமாகத் தெரிவது ஈரத்தில் மீனாகும்.

10. ஓடைக்குப் போகும்போது

எண் 6 ஃப்ளைக்கு நரம்பின் கடைசித் துண்டு 2எக்ஸ் அல்லது 3எக்ஸ், அதாவது ஏறக்குறைய 0.23 அல்லது 0.20 மில்லிமீட்டர் தடிமன். இதைவிட மெல்லியதைக் கட்டினால் ஸ்ட்ரீமரை ட்ரவுட் மோதிப் பிடிக்கும் வேகத்தில் அறுந்துபோகும். ஓடைக்குக் குறுக்காக, சற்றுக் கீழ்நோக்கி வீசி, ஓட்டம் ஃப்ளையை வளைத்துக் கொண்டுபோகும்போது சின்னச் சின்னதாக இழுத்து விடுங்கள். மழைக்குப் பின் நீர் கொஞ்சம் கலங்கியிருக்கும் நேரமும், விடியலும் அந்தியும் நல்லவை.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளையை ஈரத்தோடு பெட்டியில் மூடிவைக்காதீர்கள், முள் துருப்பிடித்து அந்தத் துரு வெள்ளை முடியில் ஏறிவிடும். திறந்த இடத்தில் ஓர் இரவு காயட்டும். மீதி பக்டெயிலைக் காற்றுப்புகாத பையில் வையுங்கள். அந்துப்பூச்சி ஒரு வாலில் நுழைந்தால் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

சரியாக வராத ஃப்ளைகளைத் தூக்கிப் போட வேண்டாம். பிளேடால் தண்டின் மேல்புறம் நீளவாக்கில் கீறினால் எல்லாம் உரிந்து வந்துவிடும், முள் அப்படியே கிடைக்கும். நுனியை நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் நகத்தில் பற்றி நின்றால் கூர் இருக்கிறது, அதே முள்ளில் அடுத்ததைக் கட்டலாம்.